சேறும் நீரும் பிரியும் வகை

மகாவலி கங்கை மத்திய மலைநாட்டிற் பிறந்து, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அக்குடாவின் கரையோரமாக, மூதூருக்குக் கிழக்கே அமைந்த ஊர் சம்பூர். மார்கழி மழையிலே கங்கை பெருகி வருங்காலத்தில் குடாவிற் படகு செலுத்துவோர் ஒரு காட்சியைக் காண்பர். மலையின் மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்த கலங்கல் நீர் கடலினுட் பரந்து செல்கிறது. சிறிது தூரம் சென்றதும் அதன் நிறம் வெளிறுகிறது; இன்னும் அப்பாற் சென்றால் நீலக்கடல். அத்தனை மண்ணும் எங்கே போயிற்று?

‘கீழே படிந்தது’ என்று எளிதாக விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடையில் ஒரு புதிர் இருக்கின்றது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு பருமனுடைய மண் துணிக்கையொன்று, அசையாத நீரிலே ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்குப் பத்து நாள்வரை செல்லும். அலையும் நீரோட்டமும் உள்ள குடாவில் அது இறங்கவே மாட்டாது. அவ்வாறிருக்க, மலைநாட்டிலிருந்து இத்தனை தூரம் படியாமல் வந்த நுண்மண், கடலைக் கண்டவுடன் படிவானேன்?

இத்துணிக்கைகள் ஒவ்வொன்றும் தம் மேற்பரப்பிலே மறை மின்னேற்றம் உடையன. ஒரே ஏற்றமுடையவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே அவை ஆற்று நீரில் ஒன்று சேராமல் தனித்தனியே மிதந்து வருகின்றன. கடல் நீரிலோ உப்பு உண்டு. உப்பிலுள்ள நேரேற்றங்கொண்ட அயன்கள் துணிக்கைகளைச் சூழ்ந்து, அவற்றின் பகையைத் தணிக்கின்றன. பகை தணிந்த துணிக்கைகள் மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. நூறும் ஆயிரமும் கூடிப் பஞ்சுத் திரள்போலாகி, பாரத்தால் இறங்குகின்றன. ஆற்று முகங்களிலே சேற்று நிலம் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். (கொட்டியாரக் குடாவிலே கரைக்கு அண்மையிலேயே தொடங்கும் ஆழமான கடலடிப் பள்ளம் ஒன்று உண்டு, மகாவலி கொண்டுவரும் மண்ணிற் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. அது வேறு கதை.)

கடல் தானாகச் செய்யும் இதே வேலையை மனிதரும் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றனர். தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சில நாழிகையில் நீர் தெளியும். இது சங்ககாலத்துத் தமிழர் அறிந்த செய்தி. கலித்தொகையிலே இது ஓர் உவமையாக வருகின்றது. முருங்கை விதைக்கும் இந்த ஆற்றல் உண்டு. சூடான் நாட்டுக் கிராமத்துப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை அவ்விதையின் பொடியிட்டுத் தெளிய வைப்பதைக் கண்டு, சாமியா அல் அசாரியா யான் என்னும் ஆராய்ச்சியாளர் அதனை உலகறியச் செய்தார். முருங்கை விதையிலுள்ள புரதம் நேரேற்றம் உடையது. மறையேற்றமுடைய மண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு அதுவே காரணம் என்பது பின்னர் விளங்கியது. படிகாரத்தின் வேலையும் இத்தகையதே. சோடியத்தைவிட அலுமினியத்துக்குத் துணிக்கைகளைத் திரட்டும் வலி பன்னூறு மடங்கு அதிகம் என்னும் விதியை, சூல்ற்சே என்பார் 1882 ஆம் ஆண்டிலும் ஹார்டி என்பார் 1900 ஆம் ஆண்டிலும் செய்த ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. கடலுக்கு ஒரு குடா நிறைந்த உப்பு வேண்டியிருக்க, வீட்டுப் பானைக்கு ஒரு சிட்டிகை படிகாரம் போதுவதன் மருமம் இதுதான்.

ஆனால் பானையில் நீர் தெளிந்ததும் எல்லாரும் மேலே நிற்கும் நீரையே நோக்குகின்றனர். அடியிலே படிந்த சேற்றை நோக்குவார் இல்லை. பானையிற் படிவது ஒரு பிடி. அதைக் கொல்லையில் வீசிவிடலாம். ஒரு நகரத்தின் கழிவுநீரிலே படிவதை எங்கே வீசுவது? ஓர் ஊரிலுள்ள மலசலகூடக் குழிகளிலெல்லாம் சேர்வதை எங்கே கொட்டுவது?

சம்பூரைப் பொறுத்தவரையில் இது வீண் கேள்வியன்று. 2006 ஆம் ஆண்டிலே போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த மக்கள், கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஏறக்குறையப் பத்தாண்டு வாழ்ந்து, 2015 ஆம், 2016 ஆம் ஆண்டுகளிலே தம் நிலத்துக்கு மீண்டனர். மீண்டவர்களுக்கு வீடும் புதிது, கிணறும் புதிது, மலசலகூடமும் புதிது. குழி வெட்டப்பட்ட நாளிலே அது நிரம்பும் நாளை எண்ணுவோர் அரியர். இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு இரண்டு மூன்று வீடுகளே குழாய்வழிச் செல்லும் கழிவுநீர்த் திட்டங்களோடு இணைக்கப்பட்டவை. ஏனைய வீடுகளுக்கெல்லாம் குழியே கதி. குழி நிரம்பினால் பவுசர் வண்டி வந்து உறிஞ்சிச் செல்லும். வண்டி வளவைவிட்டு வெளியேறியதும் வீட்டுக்காரருக்குக் கவலை தீர்கிறது. உண்மையிற் கவலை தொடங்குவது அங்கேதான். கரையோரத்து மணல்நிலத்தில் நிலத்தடி நீர் ஆழமின்றி நிற்கும்; ஒருபுறம் கிணறு, மறுபுறம் மீன்பிடிக்கும் குடா. இவ்விரண்டுக்கும் நடுவிலே கொட்டுவதற்குப் பொல்லாங்கில்லாத இடம் எளிதிற் கிடைப்பதன்று.

பவுசர் ஒன்றிலே 5,000 இலீற்றர் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். அதனுள் இருப்பது மலக்கழிவு என்று கருதுவது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அதனுள் இருப்பது பெரும்பாலும் நீரே. இத்தகைய சேற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே திண்மப் பொருள். அதாவது, 5,000 இலீற்றரிலே 100 கிலோகிராம். எஞ்சிய 4,900 கிலோகிராமும் நீர். அந்த 100 கிலோகிராம் பொருளுக்காக 5 தொன் பாரம் வீதியிற் சுமந்து செல்லப்படுகிறது. திண்மத்தின் பங்கை இரண்டிலிருந்து இருபதாக உயர்த்த முடிந்தால், அதே பொருள் 500 கிலோகிராம் எடையுள்ள ஈரமண்ணைப் போலாகிவிடும். மண்வெட்டியால் அள்ளலாம், வண்டியில் ஏற்றலாம், காயவைக்கலாம். அழுக்கு அணுவளவும் குறையவில்லை. போனது 4,500 இலீற்றர் நீர் மட்டுமே. கழிவுச் சேற்றின் தொல்லை, பெரும்பங்கு, அதனுள் ஒளிந்திருக்கும் நீரின் தொல்லையே.

அந்நீரை வெளியேற்றுவது எப்படி? அடுப்பேற்றிக் காய்ச்சலாமே என்றால், 4,500 இலீற்றர் நீரை ஆவியாக்குவதற்கு வீட்டடுப்பில் 2 தொன்னுக்குக் குறையாத விறகு வேண்டும். துணியிலிட்டுப் பிழியலாமே என்றால், பிழிய முயன்றவருக்கே அதன் குணம் தெரியும். முதலிற் சிறிது நீர் வடியும். பின்னர் நுண்ணிய பிசின் துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு துளியும் வராது, அல்லது சேறே துணியூடாகப் பிதுங்கிவரும். கழிவுச் சேற்றிலே வாழும் நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றி ஒருவகை வழுவழுப்பான பசையைச் சுரக்கின்றன. அப்பசை நீரைப் பற்றிக்கொள்ளும், மறையேற்றமும் உடையது. ஆகவே கங்கையின் மண்துணிக்கைகள்போல இவையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, இடையில் நீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. கங்கை மண்ணைவிட இவை பாரம் குறைந்தவை. தாமாகப் படியும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை.

இங்கேதான் திரட்டும் பொருளின் உதவி வேண்டப்படுகிறது. முற்காலத்துக் கழிவுநீர் நிலையங்களிற் சுண்ணாம்பையும் இரும்பு உப்புக்களையும் இட்டுச் சேற்றைத் திரட்டிப் பிழிந்தனர். 1950 ஆம் ஆண்டுகளிலிருந்து வேறொரு வகைப் பொருள் வழக்குக்கு வந்தது. அது பொலிஅக்கிரிலமைட்டு என்னும் பல்பகுதியம். பல இலட்சம் அணுக்கள் சங்கிலிபோலக் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறு. வெண்டைக்காயை நறுக்கும்போது நூலாக இழுபடும் பசையைக் கண்டவருக்கு அதன் கரைசலைக் கண்டால் வியப்பிராது. விரலில் தொட்டால் அதுவும் அவ்வாறே இழுபடும். இந்தியாவிலே கரும்புச்சாறு காய்ச்சும் கொட்டில்களில் வெண்டைத் தண்டின் பசையை இட்டு அழுக்கைத் திரட்டி எடுக்கும் வழக்கம் உண்டு. கொட்டிலிற் பாகு காய்ச்சுபவரும் இரசாயன அறிஞரும் ஒரே உண்மையை இரு வழியாற் கண்டடைந்தனர் என்று கூறலாம்.

கழிவுச் சேற்றுக்கென ஆக்கப்படும் பல்பகுதியச் சங்கிலியிலே இடையிடையே நேரேற்றங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சங்கிலியின் ஒரு பகுதி ஒரு துணிக்கையைப் பற்றும். நீட்டிய மறுமுனை வேறொன்றைப் பற்றும். பகையைத் தணிப்பதோடு நில்லாது, பாலமுமாகிறது. கண்ணெதிரிலேயே கருங்குழம்பு தயிர் திரிவதுபோலத் திரிந்து, திரள்களுக்கிடையே தெளிந்த நீர் தோன்றும். திரளின் நடுவே வழிகள் உண்டாவதால், துணியிலோ மணலிலோ ஊற்றினால் நீர் வடிந்துவிடும். இதற்கு வேண்டிய அளவு மிகச் சிறிது. உலர்ந்த திண்மம் ஒரு தொன்னுக்குச் சில கிலோகிராம். மேற்கூறிய பவுசருக்கு அரைக் கிலோகிராம் முதல் ஒரு கிலோகிராம்வரை. இரண்டு தொன் விறகு செய்யவேண்டிய வேலையிற் பெரும்பகுதியை ஒரு கிண்ணம் தூள் செய்துமுடிக்கிறது.

ஆயினும் அந்தத் தூளைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். கூழுக்கு மாக் கரைப்பவர் மாவை ஒரேயடியாகக் கொட்டினாற் கட்டிபட்டு, உள்ளே காய்ந்த மா அப்படியே கிடக்கும். இத்தூளும் அத்தகையதே. கலக்கிக்கொண்டிருக்கும் நீரிலே சிறிது சிறிதாகத் தூவி, ஆயிரம் பங்கு நீருக்குச் சில பங்கு தூள் என்னும் அளவில் ஐதாகக் கரைத்து, ஒரு மணி நேரமளவில் ஊறவிட வேண்டும். அப்பொழுதுதான் சுருண்டு கிடக்கும் சங்கிலிகள் விரியும். சேற்றில் ஊற்றியவுடன் ஒருமுறை விரைவாகக் கலக்கி, பின்னர் மெதுவாகச் சுழற்ற வேண்டும். வேகமாகக் கலக்கிக்கொண்டேயிருந்தால், சேர்ந்த திரள் சிதறிப்போகும். சிதறிய திரள் முன்போல மீண்டும் சேராது. அளவு மிகுந்தாலும் கேடுண்டு. துணிக்கைகள் தேவைக்கு மிஞ்சிய நேரேற்றத்தைப் போர்த்துக்கொண்டு மீண்டும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். மிஞ்சிய பசை துணியின் கண்களை அடைக்கும். ‘கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாக வேலை செய்யும்’ என்று எண்ணித் தூளை அள்ளிப்போடும் தொழிலாளி, பணத்தையும் இழந்து நீரையும் இழக்கிறான்.

இம்முறை பெருநகரில் நடைபெறும் விதத்தைக் காண விரும்புவோர் சென்னைக்குச் செல்லலாம். கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலே, சேறு முதலில் மூடிய பெருந்தொட்டிகளிற் புளிக்கவிடப்படுகிறது. அங்கே எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கின்றனர். புளித்த சேற்றுடன் பல்பகுதியக் கரைசலைக் கலந்து சுழல் இயந்திரங்களிற் செலுத்த, நீர் ஒருபுறமும் ஈரமண் போன்ற பொருள் மறுபுறமுமாகப் பிரிந்து வருகின்றன. பிரிந்த நீர் தூயதன்று; அது சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பப்படும். நீரைப் பிரித்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணி அதை வாய்க்காலில் விட்டால், முழுமுயற்சியும் பாழாகும்.

தமிழ்நாட்டிலேயே மற்றோர் ஊர் வேறு பாடம் கற்பிக்கிறது. திருப்பூரிலே சாயத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுண்ணாம்பும் இரும்புச் சல்பேற்றும் இட்டு நெடுங்காலம் தெளிய வைத்தனர். சாயத்திற் பெரும்பகுதி அடியிற் படிந்தது உண்மை. ஆனால் இட்ட சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்தே படிந்தன. சேறு குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. மூடை மூடையாகக் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைக்க நேர்ந்தது. கரைந்த உப்போ படியாமல் நொய்யலாற்றிற் சென்று, ஒரத்துப்பாளையம் அணையின் நீரைப் பயிருக்கு உதவாததாக்கியது. வழக்குகள் பல நடந்து, 2011 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அத்தொழிற்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அடுக்கிக் கிடந்த சேற்றிற் சில பகுதி பின்னர்ச் சீமெந்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டது. எதை இட்டுத் திரட்டுகிறோமோ, அதுவும் சேற்றின் பங்காளியாகும் என்பதை அந்த மூடைகள் காட்டின. தொன் கணக்கில் இடவேண்டிய உப்புக்களைவிட, கிலோகிராம் கணக்கில் இடும் பல்பகுதியம் இந்த ஒருவகையில் மேலானது.

மேலானதென்றாலும் தீங்கற்றதன்று. நேரேற்றமுள்ள பல்பகுதியம் சேற்றைப் பற்றுவதுபோலவே மீனின் செவுளையும் பற்றும். அளவு மிஞ்சித் தப்பிய கரைசல் நீர்நிலையிற் கலந்தால் மீன் மூச்சடைத்துச் சாகும். பல்பகுதியம் ஆக்கப்படும்போது சங்கிலியிற் சேராமல் எஞ்சும் அக்கிரிலமைட்டு நரம்புகளுக்கு நஞ்சு. குடிநீரில் அது இலீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலையை நம்பி வாழும் குடாக்கரைக் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் சிறிய செய்திகளல்ல.

சம்பூர் போன்ற ஊருக்குச் சென்னையின் சுழல் இயந்திரம் பொருந்துமா? பொருந்தாது என்பதே நேர்மையான விடை. இயந்திரத்தை வாங்குவது ஒருநாட் செலவு. அதனை இயக்குவதும் பழுதுபார்ப்பதும் நாள்தோறும் செலவு. உதிரிப்பாகம் வரும்வரை சேறு காத்திராது. இவ்வூருக்கு இயற்கை தந்த துணை வெயில். நிலக்கரி மின்னிலையம் ஒன்று இங்கே அமைப்பதாகத் திட்டமிட்டு 2016 இற் கைவிட்டபின், இதே சம்பூரில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடக்கவிழா எடுத்தனர். மின்சாரத்துக்கு உதவும் வெயில் சேற்றைக் காயவைக்கவும் உதவும். அடியிற் சரளைக்கல்லும் மேலே மணலும் பரப்பிய படுக்கையிலே சேற்றை ஒரு சாண் உயரத்துக்கு ஊற்றினால், நீரில் ஒரு பங்கு மணலூடாக வடியும்; மறுபங்கு வெயிலில் ஆவியாகும். தமிழ்நாட்டிலே மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017 ஆம் ஆண்டு முதல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 இலீற்றர் குழிக்கழிவை ஏற்கும் நிலையமொன்று இத்தகைய உலர்த்தும் படுக்கைகளைக் கொண்டு இயங்குகிறது. படுக்கையில் ஊற்றுமுன் திரட்டும் பொருளைச் சேர்த்தால் நீர் விரைந்து வடியும். அதே நிலத்திற் கூடிய பவுசர்களுக்கு இடம் கிடைக்கும்.

அத்திரட்டும் பொருளும் கப்பலில் வந்த தூளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் தலைநகரான டக்காரிலே, உள்ளூரிற் கிடைக்கும் பொருள்களை மலக்கழிவுச் சேற்றில் இட்டுச் சோதித்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்று முருங்கை விதை. மற்றொன்று இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைற்றோசான். இரண்டும் நீர் வடிதலை விரைவுபடுத்தின. மூதூர், சம்பூர் வளவுகளில் முருங்கை இல்லாத வளவு அரிது. நண்டும் இறாலும் குடாவில் உண்டு. ஓட்டிலிருந்து கைற்றோசான் எடுப்பதற்கு அமிலமும் காரமும் வேண்டும் என்பதால் அது வீட்டுக் கைத்தொழில் ஆகாது. முருங்கை விதையோ உரலில் இடித்தாற் போதும். ஆனால் தூளைவிடப் பன்மடங்கு அதிகமாக வேண்டும், விதையின் எச்சமும் சேற்றோடு சேரும். இவ்விரண்டில் எது சிக்கனம் என்பதைக் கணக்கிட்டே சொல்ல முடியும்.

படுக்கையிற் காய்ந்ததை உடனே தோட்டத்திற் போடலாகாது என்பதையும் கூறவேண்டும். நீர் போனாலும் குடற்புழுவின் முட்டைகள் போவதில்லை. அவை ஈரமண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். நன்றாகக் காயவிட்டோ, இலைதழைகளோடு குவித்துச் சூடேறி மக்கவிட்டோதான் அவற்றை அழிக்கலாம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிற் பிடித்துக்கொண்டால், கூரையில்லாப் படுக்கை தை மாதம்வரை காயாது. ஆகவே புரட்டாசிக்குள் படுக்கைகள் வெறுமையாக வேண்டும். அல்லது ஒளிபுகும் கூரை வேயவேண்டும்.

அளவைக் கண்டறிவதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரேயளவான ஆறு கண்ணாடிச் சாடிகள், ஒரு மரக்கரண்டி, ஒரு மெல்லிய துணி, ஒரு மணிக்கூடு. ஒவ்வொரு சாடியிலும் ஒரு இலீற்றர் சேறு. முதற் சாடியில் ஒன்றும் இடாமலும், இரண்டாவதிற் சிறிதும், மூன்றாவதில் அதனினும் சிறிது கூட்டியும் கரைசலை ஊற்றிக் கலக்கி, ஒவ்வொன்றையும் துணியில் வடித்து, கால்மணி நேரத்தில் எவ்வளவு நீர் வடிந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வடிந்த நீரின் அளவு சாடிக்குச் சாடி ஏறிச்சென்று, ஓரிடத்தில் நின்று, பின்னர் இறங்கும். ஏற்றம் நின்ற அந்தச் சாடியே அன்றைய அளவு. அன்றைய அளவு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு மூடிக்கிடந்த குழியின் சேறு ஒரு குணம். ஆறு மாதத்தில் நிரம்பிய கடைத்தெருக் குழியின் சேறு மற்றொரு குணம். அடுத்த பவுசர் வந்ததும் ஆறு சாடிகளையும் கழுவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.